அவர்களுக்கும் ஜெயிக்க ஆசை உண்டு

ஸ்பெயினில் வலென்சியா நகரை ஒட்டியுள்ள புர்ஜாசோட் என்ற ஊரில் அடெரெஸ் என்றொரு கூடைப்பந்து அணி இருந்தது. அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள் ஆடிய அணி அது. 1999-க்கும் 2014-க்கும் இடையில் 12 முறை தேசிய சாம்பியன் பட்டம் வென்றது. எந்த விளையாட்டை எடுத்துக்கொண்டாலும் இப்படி ஜெயித்துத் தள்ளிய அணிகள் குறைவு. அந்த அணியை முன்மாதிரியாக வைத்து ஹவியேர் ஃபெஸ்ஸர் இயக்கிய ‘காம்பியோனெஸ்’ 2018-இல் வெளிவந்தது. படத்தில் வரும் அணி இறுதிப் போட்டியில் தோற்றுப்போகிறது. தோற்ற கையோடு எதிரணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கூத்தாடுகிறது. அதே கதையை 2023-இல் பாபி ஃபாரெல்லி ‘சாம்பியன்ஸ்’ என்று ஹாலிவுட்டில் எடுத்தார். 2025 ஜூனில் ஆமிர் கான் நடிப்பில் ‘சிதாரே ஜமீன் பர்’ என்று இந்தியில் வந்தது. தமிழில் ‘கல்யாண சமையல் சாதம்’ எடுத்த ஆர்.எஸ். பிரசன்னாதான் இயக்குநர். நாடு மாறியது, மொழி மாறியது, நடிகர்கள் மாறினார்கள். அணி தோற்றுவிட்டுச் சிரிப்பது மட்டும் மாறவில்லை. 12 முறை ஜெயித்தவர்களைப் பார்த்து எழுதிய கதையில் அவர்களை ஏன் தோற்கடிக்க வேண்டியிருந்தது என்ற கேள்வியை நாம் கேட்டாக வேண்டும்.

முதலில் இந்தப் படங்களுக்கு உரிய மரியாதையைச் செலுத்திவிடுகிறேன். அவை செய்த ஒரு காரியம் மிகப் பெரியது. ஆட்டக்காரர்களாக நடிக்க மாற்றுத்திறனாளிகளையே கொண்டுவந்தார்கள். ‘சிதாரே ஜமீன் பர்’ படத்தில் அறிவுசார் குறைபாடோ வளர்ச்சிக் குறைபாடோ உள்ள 10 பேர் முக்கியப் பாத்திரங்களில் நடித்தார்கள். இந்திய வணிக சினிமாவில் இது லேசில் நடக்கும் காரியம் இல்லை. தலையைச் சாய்த்து, வாயைக் கோணி, கையை மடக்கி ஒரு நட்சத்திரம் நடித்தால் அதற்கு விருது கொடுத்துப் பழகிய துறை இது. ஸ்பெயினில் ‘காம்பியோனெஸ்’ படத்தை 30 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் திரையரங்குக்கு வந்து பார்த்தார்கள். சிறந்த படத்துக்கான கோயா விருது அதற்குக் கிடைத்தது. அதில் நடித்த ஹெசூஸ் விதால், பார்வை மிகக் குறைந்தவர், சிறந்த புதுமுக நடிகராகத் தேர்வானார். இவர்களைப் பார்த்து யாரும் பரிதாபப்படவில்லை. அவர்கள் அடித்த ஜோக்குக்குச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு உண்மையானது, தேவையானதும்கூட.

ஆனால் கதை யாருடையது என்று பார்த்தால் நிலைமை வேறு. மூன்று படங்களிலும் நாயகன் பயிற்சியாளர்தான். திமிர் பிடித்தவர், குடித்துவிட்டு வண்டி ஓட்டிப் பிடிபட்டவர், நீதிபதி விதித்த சமூக சேவைக்காக இந்த அணியிடம் வந்து சேருகிறவர். அவருக்கு மனைவியோ காதலியோ இருக்கிறார். ‘சிதாரே’யில் அம்மாவோடு தீராத கணக்கும் இருக்கிறது. அப்பா விட்டுப்போன காயம், குழந்தை பெற்றுக்கொள்ளத் தயக்கம், லிஃப்டில் ஏற பயம் என்று அவருடைய மனசுக்குள் ஒரு முழுவீடே கட்டப்பட்டிருக்கிறது. ஆட்டக்காரர்களுக்கோ ஆளுக்கு ஒரு அடையாளம். ஒருவர் குளிக்கப் பயப்படுவார், இன்னொருவர் எப்போதும் கூடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் பந்தை எறிவார். அவர்களுக்குள் போட்டி உண்டா, பொறாமை உண்டா, அணியில் இடம் கிடைக்காமல் இரவெல்லாம் தூங்காதவர் உண்டா என்பதற்குப் படத்தில் நேரம் இல்லை. அந்த இறுதித் தோல்வி எதற்காக என்பது இந்த இடத்தில்தான் விளங்குகிறது. வெற்றி ஒன்றே குறி என்று வாழ்ந்த பயிற்சியாளருக்கு, தோற்றாலும் சந்தோஷமாக இருக்கலாம் என்று யாராவது கற்றுக்கொடுக்க வேண்டும். அந்த வேலையை ஆட்டக்காரர்களிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். அவர் திருந்துவதற்காக அவர்கள் தோற்கிறார்கள்.

இதில் என்ன கெடுதல், நல்ல சேதிதானே என்று கேட்கலாம். சேதி நல்லதுதான். அதை யார் தலையில் வைத்துச் சொல்கிறோம் என்பதில் கெடுதல் இருக்கிறது. ‘லகான்’ படத்தில் கிராமத்து அணி தோற்றுவிட்டு வெள்ளைக்காரனைக் கட்டிப்பிடித்திருந்தால் யாராவது ஏற்றுக்கொண்டிருப்போமா? ‘சக் தே இந்தியா’வில் பெண்கள் வெள்ளிப் பதக்கம் போதும் என்று ஆடியிருந்தால் கைதட்டியிருப்போமா? அவர்கள் ஜெயித்தே ஆக வேண்டும் என்று இருக்கை நுனியில் உட்கார்ந்திருந்தோம். வெற்றி அவர்களுக்கு உரியது என்று முழுசாக நம்பினோம். மாற்றுத்திறனாளிகள் என்று வரும்போது மட்டும், அவர்கள் ஆட வந்ததே போதும், சிரித்தால் அதுவே பரிசு என்று ஆகிவிடுகிறது. எதிர்பார்ப்பைக் குறைத்து வைப்பதும் ஒருவகை அவமதிப்புதான். நாம் அதைக் கண்ணீரோடு செய்கிறோம், அதனால் அது அன்பு மாதிரி தெரிகிறது.

எதிர்பார்ப்பைக் குறைத்தால் என்ன ஆகும் என்பதற்கு அதே ஸ்பெயினில், அதே கூடைப்பந்தில் ஒரு கசப்பான சாட்சி இருக்கிறது. 2000-இல் சிட்னியில் நடந்த பாராலிம்பிக்கில், அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கான கூடைப்பந்தில் ஸ்பெயின் தங்கம் வென்றது. கொஞ்ச நாளில் அந்த அணியில் ஆடிய கார்லோஸ் ரிபகோர்டா என்ற பத்திரிகையாளர் உண்மையைப் போட்டு உடைத்தார். அணியில் இருந்த 12 பேரில் 10 பேருக்கு எந்தக் குறைபாடும் இல்லை, அவர் உட்பட. குறைபாடு உண்டா என்று யாரும் ஒழுங்காகச் சோதிக்கவில்லை. அவ்வளவு பெரிய மோசடி உலக மேடையில் அரங்கேறியது எப்படி? நல்ல ஆட்டக்காரர் ஒருவரை ஒலிம்பிக்கில் போலியாக நுழைத்தால் மறுநாளே எதிரணி கண்டுபிடித்துவிடும், ஏனென்றால் ஒவ்வொரு ஆட்டத்தையும் நூறு கண்கள் நோட்டம் விடுகின்றன. இந்த ஆட்டத்தை அப்படிக் கூர்ந்து பார்க்க யாரும் இருக்கவில்லை. பதக்கம் முக்கியம், நிதியுதவி முக்கியம், ஆட்டம் யாருக்கும் முக்கியமில்லை. அப்போது ஸ்பெயினில் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களின் விளையாட்டு அமைப்புக்குத் தலைவராக இருந்தவர் மீது வழக்கு நடந்து, 2013-இல் அவருக்கு அபராதம் விதிக்கப்பட்டது. ஆட்டக்காரர்களுக்குக் கிடைத்த தண்டனை அதைவிடப் பெரியது. அணியில் இருந்த உண்மையான மாற்றுத்திறனாளிகள் இருவரும் சேர்ந்தே பதக்கத்தை இழந்தார்கள். உலகம் முழுவதும் அறிவுசார் குறைபாடு உள்ள வீரர்களின் போட்டிகள் பாராலிம்பிக்கிலிருந்தே தூக்கப்பட்டன. 2004 ஏதென்ஸிலும் 2008 பெய்ஜிங்கிலும் அவர்களுக்குப் பதக்கப் போட்டி இல்லை. 2012 லண்டனில் தடகளம், நீச்சல், டேபிள் டென்னிஸ் ஆகிய மூன்றில் மட்டும் கதவு திறந்தது. கூடைப்பந்து பாரிஸ் 2024-இலும் திரும்பவில்லை. மோசடி செய்தது குறைபாடு இல்லாதவர்கள். வாழ்க்கையின் நல்ல ஆட்ட வயதைப் பறிகொடுத்தது குறைபாடு உள்ளவர்கள். 2000-இல் 20 வயதில் இருந்த ஒரு நீச்சல் வீரருக்கு லண்டன் வரும்போது 32 வயது. இவர்களுடைய ஏமாற்றத்தைப் பற்றி ஒரு முழுப் படம் எடுக்கலாம். அந்தப் படத்தில் யாரும் சிரித்துக்கொண்டே தோற்க மாட்டார்கள்.

வேறு விதமாகப் படம் எடுக்க முடியும் என்பதற்கு 2005-இல் அமெரிக்காவில் வெளியான ‘மர்டர்பால்’ ஆவணப்படம் போதும். சக்கர நாற்காலி ரக்பி பற்றியது. கனடாவில் வின்னிபெக் நகரில் 1977-இல் உருவான இந்த விளையாட்டுக்குத் தொடக்கத்தில் ‘மர்டர்பால்’ என்றுதான் பெயர். கழுத்துப் பகுதியில் தண்டுவடம் அடிபட்டு, காலும் கையும் பாதிக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் ஆடுவது. நாற்காலியின் சக்கரங்கள் கீழே அகன்று மேலே சாய்ந்திருக்கும், முன்னால் முட்டி மோத இரும்புத் தடுப்பு இருக்கும், சக்கரத்தின் கம்பிகளை உலோகத் தகடு மூடியிருக்கும். ஒவ்வொரு வீரருக்கும் அவருடைய உடல் இயக்கத்தை வைத்து 0.5 முதல் 3.5 வரை புள்ளி தருவார்கள். களத்தில் இருக்கும் நால்வரின் புள்ளிகளைக் கூட்டினால் 8-ஐத் தாண்டக் கூடாது. ஆகவே வலுவானவர்களை மட்டும் இறக்கி ஜெயிக்க முடியாது. கையில் பிடிமானமே இல்லாத 0.5 புள்ளிக்காரர் எதிரணியின் 3.5 ஆளை எந்தக் கோணத்தில் நாற்காலியால் மறித்து நிறுத்துகிறார் என்பதில்தான் ஆட்டமே இருக்கிறது. இந்த ஒரு விதியைப் புரிந்துகொண்டால் ஆட்டத்தைப் பார்க்கும் கண் மாறிவிடும். அப்புறம் உங்களுக்குப் பரிதாபப்பட நேரம் இருக்காது. யாரை இறக்கினார்கள், யாரை உட்கார வைத்தார்கள், ஏன் என்று மனம் கணக்குப் போட ஆரம்பித்துவிடும்.

அந்தப் படத்தின் மையத்தில் ஒரு வன்மம் இருக்கிறது. அமெரிக்க அணியில் கொடிகட்டிப் பறந்த ஜோ சோரஸ் அணியிலிருந்து நீக்கப்பட, கனடா அணிக்குப் பயிற்சியாளராகப் போய்விடுகிறார். பழைய தோழர்கள் அவரைத் துரோகி என்கிறார்கள். 2004 ஏதென்ஸில் இரண்டு அணிகளும் அரையிறுதியில் மோதி, அமெரிக்கா தோற்கிறது. இங்கேயும் தோல்விதான். ஆனால் அந்த வீரர்கள் உடைந்துபோய் அழுகிறார்கள், குடும்பத்தார் தோளில் சாய்ந்து அழுகிறார்கள். அதைப் பார்க்கும்போது அவர்களுக்காக வருந்துகிறோம், தோற்ற எந்த வீரருக்காகவும் வருந்துவது மாதிரி. அவர்களுடைய நாற்காலிக்காக வருந்தவில்லை. தோல்வி வலிக்கும் உரிமையை அந்தப் படம் அவர்களுக்குத் தந்திருக்கிறது. ‘காம்பியோனெஸ்’ குடும்பத்துப் படங்கள் தரத் தயங்கியது அதைத்தான்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. தண்டுவடம் அடிபட்டவர்களையும் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களையும் ஒரே தட்டில் வைக்கலாமா? டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்கள் பலருக்கு வெற்றியைவிட நட்பும் விளையாடும் மகிழ்ச்சியும் பெரிது. போட்டி வெறி என்ற நம்முடைய நோயை அவர்கள் மேல் ஏன் சுமத்த வேண்டும் என்று, அவர்களோடு வாழ்கிற பெற்றோரும் ஆசிரியர்களுமே கேட்கக்கூடும். இதில் நியாயம் இருக்கிறது. வெல்வதற்காக ஆடாதவர்கள் உண்டு, அவர்கள் ஆட்டமும் ஆட்டம்தான். ஆனால் அதை எல்லாருடைய இயல்பாக ஆக்குவதுதான் தவறு. யூனிஸ் கென்னடி ஷிரைவர் 1968-இல் சிகாகோவில் தொடங்கிய ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் பங்கேற்பின் மகிழ்ச்சிக்குப் பேர்போனது. அங்கேகூட வீரர்களின் முந்தைய நேரத்தையும் தூரத்தையும் வயதையும் பார்த்து, கிட்டத்தட்ட சம பலமுள்ளவர்களாகப் பிரித்துத்தான் ஓடவிடுகிறார்கள். பங்கேற்பு மட்டுமே போதுமென்றால் இத்தனை கவனமாகப் பிரிக்க வேண்டிய அவசியமே இல்லை. முடிவு முன்கூட்டியே தெரிந்த போட்டி போட்டியாகாது என்று அங்கே அறிந்திருக்கிறார்கள். அடெரெஸ் அணிக்காரர்கள் 12 பட்டங்களையும் தற்செயலாக வெல்லவில்லை. வருடக்கணக்காகப் பயிற்சி எடுத்து, வெல்ல வேண்டும் என்று ஆடி வென்றார்கள். அந்த ஆசையைத் திரையில் காட்டினால் அவர்களுடைய வெள்ளை மனசு கெட்டுவிடும் என்று யார் சொன்னது?

இன்னொரு மறுப்பு சந்தையைப் பற்றியது. பெரிய நட்சத்திரம் இல்லாமல் யார் பணம் போடுவார்கள், பயிற்சியாளர் கதை இல்லாமல் யார் பார்ப்பார்கள்? ஆமிர் கான் இல்லாவிட்டால் அந்த 10 பேருக்கு அந்தத் திரை கிடைத்திருக்காது என்பது உண்மை, அதை மறுக்கவில்லை. நட்சத்திரம் இருக்கட்டும். அவருக்கு எழுதிய மனசில் பாதியையாவது மற்றவர்களுக்கும் எழுதுங்கள் என்பதே கோரிக்கை. மாற்றுத்திறன் உள்ள நடிகர்களால் கனமான பாத்திரத்தைத் தாங்க முடியாது என்ற சந்தேகத்துக்குத் தமிழ்த் திரை 2009-லேயே பதில் சொல்லிவிட்டது. ‘நாடோடிகள்’ படத்தில் அறிமுகமான அபிநயா காது கேளாதவர், பேச்சுத்திறனும் இல்லாதவர். படத்தில் அவர் நடித்ததோ பேசும், கேட்கும் பெண்ணாக. அவரை யாரும் சலுகை கொடுத்துப் பாராட்டவில்லை, நடிப்பைப் பார்த்துப் பாராட்டினார்கள். அதன் இயக்குநர் சமுத்திரக்கனி அன்று எடுத்த அந்தத் துணிச்சலைப் பின்பற்றி எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணிப் பார்த்தால் சங்கடமாக இருக்கிறது.

தோற்றுச் சிரிக்கும் படங்களுக்கு நேர் எதிரே, மன உறுதியால் மலையைப் புரட்டும் படங்கள் இருக்கின்றன. 1965 போரில் குண்டடிபட்டு, 1972-இல் ஹைடல்பெர்க் பாராலிம்பிக்கில் 50 மீட்டர் நீச்சலில் இந்தியாவுக்கு முதல் பாராலிம்பிக் தங்கம் வாங்கித் தந்த முரளிகாந்த் பேட்கரின் கதை, ‘சந்து சாம்பியன்’ என்று 2024-இல் வந்தது. நன்றாக எடுக்கப்பட்ட, நேர்மையான படம். அவர் ஜெயிப்பதை முழுசாகக் காட்டுகிறது, அதற்காகவே அதைப் பாராட்ட வேண்டும். ஆனால் இந்த வகைப் படங்கள் எல்லாத் தடையையும் வீரரின் உடம்புக்குள்ளும் மனசுக்குள்ளும் வைத்துவிடுகின்றன. சக்கர நாற்காலி பயன்படுத்திய ஆஸ்திரேலியப் பத்திரிகையாளர் ஸ்டெல்லா யங் 2014-இல் இதைத்தான் கேட்டார்: படிக்கட்டைப் பார்த்து எவ்வளவு புன்னகைத்தாலும் அது சாய்தளமாகிவிடுமா? அதற்கு அடுத்த ஆண்டு, 2015 மார்ச்சில், காஜியாபாத்தில் நம்முடைய தேசிய பாரா தடகளப் போட்டி நடந்தது. கட்டி முடிக்காத கட்டடத்தில் வீரர்களைத் தங்கவைத்தார்கள். அவர்கள் பயன்படுத்தக்கூடிய கழிப்பறைகூடச் சரியாக இல்லை. அடுத்த மாதமே சர்வதேச பாராலிம்பிக் குழு இந்திய பாராலிம்பிக் குழுவை இடைநீக்கம் செய்தது. அங்கே எந்த வீரருக்கு மன உறுதி குறைவாக இருந்தது? உச்ச நீதிமன்றம் 2024 ஜூலையில் அளித்த தீர்ப்பொன்றில், மாற்றுத்திறனாளிகளைத் திரையில் கேலிப்பொருளாகவும் காட்டாதீர்கள், அதிமானுடர்களாகவும் காட்டாதீர்கள் என்று வழிகாட்டியிருக்கிறது. திரைக்கதை எழுதுகிறவர்கள் மேசையில் ஒட்டிவைத்துக்கொள்ள வேண்டிய வாசகம்.

விளையாட்டாகப் பார்க்க ஆரம்பித்தால் நாட்டுக்கே என்ன நடக்கும் என்பதை எண்ணிக்கையே சொல்கிறது. 2012 லண்டன் பாராலிம்பிக்கில் இந்தியாவுக்கு ஒரு பதக்கம். 2016 ரியோவில் 4. டோக்கியோவில் 19. 2024 பாரிஸில் 29. பன்னிரண்டு ஆண்டுகளில் இந்தியர்களின் மன உறுதி 29 மடங்கு கூடிவிடவில்லை. பயிற்சியாளர், உடலியக்க மருத்துவர், வெளிநாட்டுப் போட்டிகள், மாதாந்திர உதவித்தொகை என்று மற்ற வீரர்களுக்குச் செய்ததை இவர்களுக்கும் கொஞ்சம் செய்ததால் வந்த பலன் அது.

இந்த இடத்தில் நம் ஊர்க்காரர் மாரியப்பன் தங்கவேலுவைப் பேசாமல் இருக்க முடியாது. சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியைச் சேர்ந்தவர், உயரம் தாண்டுதலில் ரியோவில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம், டோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் வெண்கலம். ஐந்து வயதில் பேருந்து ஏறிக் கால் நசுங்கியதும், தாய் காய்கறி விற்று வளர்த்ததும் தமிழ்நாட்டில் எல்லாருக்கும் மனப்பாடம். டோக்கியோவில் 2021 ஆகஸ்ட் 31 அன்று நடந்ததைக் கேட்டால் எத்தனை பேருக்குத் தெரியும்? மழை பெய்துகொண்டிருந்தது. பாதிக்கப்பட்ட காலில் அவர் அணிந்திருந்த காலுறை நனைந்துவிட்டது. 1.86 தாண்டிய பிறகு கம்பு 1.88-க்கு உயர்ந்தது. மாரியப்பனால் தாண்ட முடியவில்லை. அமெரிக்காவின் சாம் கிரூவ் மூன்றாவது முயற்சியில் தாண்டித் தங்கத்தைக் கொண்டுபோனார். ரியோவில் மாரியப்பன் தோற்கடித்த அதே சாம் கிரூவ். மழை இல்லாவிட்டால் 1.90 தாண்டியிருப்பேன் என்று மாரியப்பன் பிறகு வருத்தத்தோடு சொன்னார். ஐந்து ஆண்டுப் பகை, இரண்டு சென்டிமீட்டர் இடைவெளி, ஒரு நனைந்த காலுறை. இதைவிட என்ன திரைக்கதை வேண்டும்? அவர் வாழ்க்கையைப் படமாக எடுக்கப்போவதாக 2017-லேயே அறிவிப்பு வந்தது. எப்போது யார் எடுத்தாலும், பேருந்து விபத்தில் ஒரு மணி நேரம் அழவைத்துவிட்டு ரியோவில் கொடி ஏற்றி முடித்துவிடாமல், அந்த மழை நாளுக்கு வர வேண்டும்.

பாரிஸில் பெண்கள் பாட்மின்டன் எஸ்.யு.5 பிரிவு அரையிறுதியைப் பாருங்கள். கையில் பாதிப்புள்ளவர்களுக்கான பிரிவு அது. வலையின் ஒருபுறம் காஞ்சிபுரத்தின் துளசிமதி முருகேசன், மறுபுறம் திருவள்ளூரின் மனிஷா ராமதாஸ். இருவரும் தமிழ்நாட்டுப் பெண்கள், ஒரே நாட்டுக்காக ஆடுகிறவர்கள். ஒருவர் தங்கத்துக்கான ஆட்டத்துக்குப் போவார், மற்றவர் போக மாட்டார் என்று இருவருக்கும் தெரியும். முதல் செட் 23-21 வரை இழுத்தது, அதாவது இருபதுக்கு இருபது வந்த பிறகும் யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. இரண்டாவது செட் 21-17. துளசிமதி இறுதிக்குப் போய் வெள்ளி வாங்கினார். மனிஷா மனதைத் தேற்றிக்கொண்டு வந்து வெண்கலத்துக்கான ஆட்டத்தில் டென்மார்க் வீராங்கனையை 21-12, 21-8 என்று அடித்து நொறுக்கினார். தமிழில் ஒரு இயக்குநர் இந்த இரண்டு பெண்களையும் தேடிப் போக வேண்டும். அந்த 21-ஆவது புள்ளியில் ஒருவருக்கொருவர் என்ன நினைத்தார்கள், அன்று இரவு மனிஷா என்ன சாப்பிட்டார், யாரிடம் பேசினார், எதிராளியின் எந்த வீச்சு இன்னும் உறுத்துகிறது என்று கேட்டு எழுத வேண்டும். பயிற்சியாளர் பாத்திரத்துக்கு எந்த நட்சத்திரத்தை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளட்டும், கதை அவர்கள் இருவருடையதாக இருந்தால் சரி.